கிரேக்கப் பொற்காசுகள்: சின்னமும் சேகரமும்

பண்டைய கிரேக்க நகர அரசுகளின் அன்றாடப் பணம் வெள்ளியே ஆகும். ஏதென்ஸ் நகரம் தன் எல்லைக்குள் இருந்த லாரியன் சுரங்கங்களின் வெள்ளியைக் கொண்டு ஆந்தை பொறித்த நாணயங்களை அடித்தது. ஏஜினா, கொரிந்து முதலிய வணிக நகரங்களும் வெள்ளியையே நம்பின. தங்கம் பெரும்பாலும் கோயில் கருவூலங்களிலும் தெய்வத் திருமேனிகளிலும் அடைந்து கிடந்தது. அது நாணயமாக வெளியே வந்த வேளைகள் குறைவு. வந்தபோதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு போரோ, கூலிப்படைக்குக் கொடுக்க வேண்டிய ஊதியமோ, புதிதாக முடிசூடிய ஒருவன் தன் உரிமையை உலகுக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயமோ இருந்தது. இதனால்தான் கிரேக்கப் பொற்காசின் சின்னத்தை அழகுக்காகச் சேர்த்த ஓவியமாகக் கொள்ளாமல், குறிப்பிட்ட ஒரு சூழலில் குறிப்பிட்ட மக்களை நோக்கி ஓர் அரசு விடுத்த அறிக்கையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் படிப்பதற்குக் காசு மட்டும் போதாது. அது எந்த மண்ணில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தியும் வேண்டும். சேகரிப்பவரின் ஆசையும் வரலாற்றாசிரியரின் தேவையும் மோதிக்கொள்ளும் இடம் அதுவே.

தங்க நாணயத்தின் கதை கிரேக்கத்தில் தொடங்கவில்லை. அதன் கிழக்கு அண்டை நாடான லிடியாவில் தொடங்குகிறது. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் சார்டிஸ் நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்த அரசின் வழியே ஓடிய பாக்டோலஸ் ஆற்றில், பொன்னும் வெள்ளியும் இயற்கையாகக் கலந்த எலெக்ட்ரம் என்ற உலோகம் கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் இந்தக் கலவைத் துண்டுகளில் முத்திரை குத்தும் வழக்கம் ஏற்பட்டது. எஃபெசஸ் நகரின் ஆர்ட்டெமிஸ் கோயில் அடித்தளத்தில் 1904-05இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக நடத்தப்பட்ட அகழாய்வில் கிடைத்த எலெக்ட்ரம் காசுகள், இந்தத் தொடக்ககாலத்தைப் பற்றிய முதன்மையான சான்றாக இன்றும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் லிடிய அரசர்களின் சின்னமான சிங்கத்தலை காணப்படுகிறது. அதே காலத்தைச் சேர்ந்த வேறொரு வகைக் காசில், மேயும் மானின் உருவத்துக்கு மேல் ‘நான் ஃபானெசின் அடையாளம்’ என்ற பொருளில் கிரேக்க எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நாணயமே தன்னிலையில் பேசுவதாக அமைந்த இந்த வரி, சின்னத்தின் முதல் வேலை பொறுப்பேற்பது என்பதைக் காட்டுகிறது: உலோகத்தின் எடைக்கும் தரத்துக்கும் அந்த அடையாளத்துக்கு உரியவர் பொறுப்பு.

எலெக்ட்ரத்தின் குறை, அதில் பொன் எவ்வளவு என்று கண்ணால் அறிய முடியாததே. லிடியாவின் கடைசி மன்னன் குரோசஸ் (கி.மு. 560-546 அளவில்) இந்தக் குறையைத் தீர்க்கும் வகையில் தனித் தங்கமும் தனி வெள்ளியுமாக நாணயங்களை வெளியிட்டான். சார்டிசில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்திய அகழாய்வில், உப்புடன் சேர்த்து நெடுநேரம் சூடாக்கி எலெக்ட்ரத்திலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்த புடக்கூடமே கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. பொன்னின் மாற்றைச் சோதிக்கும் உரைகல்லைக் கிரேக்கர் ‘லிடியாக் கல்’ என்றே அழைத்தார்கள். குரோசசின் பொற்காசில் சிங்கமும் காளையும் எதிரெதிரே நிற்கின்றன. சிங்கம் அரச குடியின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. காளையின் பொருள் குறித்துப் பல விளக்கங்கள் உள்ளன. கி.மு. 546 அளவில் லிடியாவை வென்ற பாரசீகர்கள் இந்தக் காசை உடனே கைவிடவில்லை. வென்றவனின் அக்கசாலையிலிருந்து தோற்றவனின் சிங்கமும் காளையும் சில பத்தாண்டுகள் வெளிவந்துகொண்டே இருந்தன. பின்னர் முதலாம் டேரியஸ் காலத்தில்தான், வில்லும் ஈட்டியும் ஏந்தி ஒரு முழங்காலை மடித்து விரையும் அரசனின் உருவத்துடன் சுமார் 8.4 கிராம் எடையில் டேரிக் என்ற பொற்காசு வந்தது. கிரேக்கர்கள் அதை ‘வில்லாளி’ என்றே குறிப்பிட்டார்கள். ஸ்பார்ட்டாவின் மன்னன் அகெசிலாவுஸ், தன்னை ஆசியாவிலிருந்து துரத்தியவை பாரசீக மன்னனின் ஆயிரக்கணக்கான ‘வில்லாளிகள்’ என்று சொன்னதாக புளூட்டார்க் எழுதுகிறார். கிரேக்கத்தில் அவனுக்கு எதிரிகளைத் தூண்டிவிடப் பாரசீகம் இறைத்த பொன்னையே அவன் குறிப்பிட்டான்.

கிரேக்க நகரங்களில் பொன்னைத் தொடர்ச்சியாகக் கையாண்டவை கருங்கடல் வழியில் இருந்தவை. மார்மரா கடற்கரையில் இருந்த சைசிகஸ் நகரம் சுமார் 16 கிராம் எடையுள்ள எலெக்ட்ரம் நாணயங்களை இருநூறுக்கும் மேற்பட்ட வடிவங்களில் வெளியிட்டது. தெய்வம், வீரன், விலங்கு என்று முதன்மை உருவம் மாறிக்கொண்டே போனாலும், எல்லாவற்றிலும் ஓரிடத்தில் சூரை மீன் தவறாமல் இருக்கும். ஆண்டுக்கு இருமுறை கருங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் சூரைதான் அந்நகரின் செல்வம். அதனால் நகரின் பெயரை எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. செனஃபோன் தன் படைநடை நூலில் கூலிவீரர்களுக்கு மாதம் ஒரு சைசிகஸ் காசு வாக்களிக்கப்பட்டதைச் சொல்வதிலிருந்து, சூரை மீன் பொறித்த காசு எவ்வளவு தொலைவு வரை நம்பப்பட்டது என்று அறியலாம்.

கருங்கடலின் வடகரையில், இன்றைய கிரிமியாவின் கெர்ச் நகரம் இருக்கும் இடத்தில் பான்டிகாபேயம் என்ற கிரேக்கக் குடியேற்றம் இருந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அது வெளியிட்ட ஸ்டேட்டர் (பல கிரேக்க அரசுகளின் முதன்மை நாணயத்துக்கான பொதுப்பெயர்) சுமார் 9.1 கிராம் எடையுள்ளது. கிரேக்கப் பொற்காசுகளிலேயே பொருட்செறிவு மிக்கது என்று இதைச் சொன்னால் மிகையாகாது. முன்பக்கத்தில் தாடியும் விலங்குக் காதும் கலைந்த முடியும் கொண்ட ஒரு காட்டுத் தெய்வத்தின் தலை. அது நகரின் பெயரை நினைவூட்டும் பான் தெய்வமா, அந்நாட்டை ஆண்ட சத்தைரஸ் மன்னனின் பெயரை நினைவூட்டும் சத்தையர் என்ற வனதேவதையா என்ற வாதம் ஓயவில்லை. பின்பக்கத்தில் சிங்க உடலும் சிறகும் கொண்ட கிரிஃபின் என்ற கற்பனை விலங்கு, வாயில் ஈட்டியைக் கவ்வியபடி, ஒரு கோதுமைக் கதிரின் மேல் நிற்கிறது. வடக்கே தொலைவில் கிரிஃபின்கள் பொன்னைக் காவல் காப்பதாகவும், ஒற்றைக்கண் மனிதர்கள் அதைத் திருட முயல்வதாகவும் ஒரு கதையை ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். ஆக, அந்த நாட்டுக்கு வந்த பொன்னும், அதைக் கொண்டுவந்த கோதுமையும், இரண்டையும் காக்கும் ஆயுதமும் ஒரு விரல்நுனி அளவு வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இது வெறும் பெருமையும் அன்று: அந்நாட்டு மன்னன் லியூக்கானின் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு நான்கு லட்சம் மெடிம்னஸ் தானியம் ஏதென்சுக்கு வருவதாக அந்நகரின் சொற்பொழிவாளர் டெமோஸ்தனிஸ் தன் உரையொன்றில் கூறுகிறார். ஒரு மெடிம்னஸ் ஏறத்தாழ 52 லிட்டர் கொள்ளும் முகத்தலளவை. கிரேக்கத்தின் மிகப் பெரிய நகரம் யாருடைய தயவில் உண்டது என்பதை அந்தக் கதிர் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏதென்ஸ் பொற்காசு அடித்த வேளையோ அதன் வரலாற்றிலேயே துயரமானது. ஸ்பார்ட்டாவுடனான நீண்ட போரின் கடைசிக் கட்டத்தில், பகைவர் ஏதென்சின் நிலப்பகுதியிலேயே டெசெலேயா என்ற இடத்தில் கோட்டை கட்டிக்கொண்டதால் லாரியன் சுரங்க அடிமைகள் தப்பி ஓட, வெள்ளி வரத்து நின்றுபோனது. கி.மு. 407-406இல் நகரம் தன் அக்ரோபோலிஸ் குன்றில் இருந்த நைக்கி தேவியின் பொற்சிலைகளை உருக்கிக் காசாக்கியது. நைக்கி வெற்றியின் தெய்வம். வெற்றிக்கு நன்றியாக நிறுவிய சிலைகளை, தோல்வியைத் தவிர்க்கும் கடைசி முயற்சிக்காக உருக்க வேண்டியிருந்தது. அந்தக் காசுகளில் இருந்ததோ வழக்கமான அதீனாவின் தலையும் ஆந்தையும்தான். நெருக்கடியில் சின்னத்தை மாற்றாமல் இருப்பதும் ஓர் அறிவிப்பே. அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 405இல் அரங்கேற்றிய ‘தவளைகள்’ நாடகத்தில் இந்தப் புதிய பொன் பேசப்படுகிறது என்றால், மக்கள் அதை எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பது விளங்கும்.

அதே காலகட்டத்தில் சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரில் கொடுங்கோலன் முதலாம் டயோனிசியஸ் கார்த்தேஜுடன் போரிட்டுக்கொண்டிருந்தான். அங்கே சுமார் 5.8 கிராம் பொற்காசின் ஒரு பக்கம் நகரின் நன்னீர் ஊற்றுத் தேவதையான அரெத்தூசா, மறுபக்கம் நெமேயச் சிங்கத்தின் கழுத்தை நெரிக்கும் ஹெரக்கிளிஸ். அச்சு வெட்டிய கலைஞர்களான கைமன், யூவெனெட்டஸ் ஆகியோர் தங்கள் பெயரையும் நுண்ணெழுத்தில் பொறித்தார்கள். கலை நயத்தில் இக்காசுகளை மிஞ்சியவை வெகு சில.

கிரேக்க உலகில் பொன்னை நெருக்கடிக்கால உலோகத்திலிருந்து நிலையான பணமாக மாற்றியவன் மாசிடோனியாவின் இரண்டாம் ஃபிலிப். கி.மு. 356இல் பாங்கேயன் மலைப்பகுதியில் கிரெனைடிஸ் என்ற ஊரைக் கைப்பற்றி அதற்குத் தன் பெயரால் ஃபிலிப்பை என்று பெயரிட்ட பின், அங்குள்ள சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் டேலண்டுக்கு மேல் வருவாய் பெற்றதாக டியோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். டேலண்ட் என்பது ஏதென்ஸ் அளவில் ஏறத்தாழ 26 கிலோ எடை. அந்தப் பொன்னில் சுமார் 8.6 கிராம் எடையில் அடிக்கப்பட்ட ஸ்டேட்டரின் முன்பக்கத்தில் வாகைமாலை அணிந்த அப்பல்லோவின் தலை; பின்பக்கத்தில் பாய்ந்து செல்லும் இரட்டைக் குதிரைத் தேர், கீழே ‘ஃபிலிப்புடையது’ என்று பொருள்படும் ஒரே சொல்.

இந்த இரண்டு உருவங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாசிடோனியர்கள் உண்மையில் கிரேக்கர்களா என்ற கேள்வி தெற்கு நகரங்களில் எழுந்துகொண்டே இருந்த காலம் அது. ஒலிம்பிக் போட்டியில் கிரேக்கர் மட்டுமே பங்கேற்கலாம். ஃபிலிப் அங்கே வென்றான் என்றால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒலிம்பியாவில் வென்ற தேர்களை அவன் தன் காசுகளில் பொறித்துக்கொண்டான் என்று புளூட்டார்க் வெளிப்படையாகவே சொல்கிறார். அப்பல்லோவோ டெல்ஃபி ஆலயத்தின் இறைவன். அந்த ஆலயச் செல்வத்தைக் கைப்பற்றியிருந்த ஃபோக்கியர்களுக்கு எதிரான போரைக் கி.மு. 346இல் முடித்துவைத்த ஃபிலிப், அந்த ஆண்டின் பித்தியன் விழாவுக்குத் தலைமை தாங்கினான். கிரேக்கரின் விளையாட்டில் வென்றவன், கிரேக்கரின் தெய்வத்தைக் காத்தவன் என்ற இரு கூற்றுகளையும், கிரேக்க நகரத் தலைவர்களுக்குக் கொடுக்கும் கையூட்டிலேயே பொறித்து அனுப்பியது அவனுடைய அரசியல் கூர்மை. பொன் சுமந்த கழுதை ஏறக்கூடிய கோட்டை எதையும் பிடித்துவிடலாம் என்று அவன் சொன்னதாக சிசரோ குறிப்பிடுகிறார்.

சின்னம் அதைப் படைத்தவனின் பொருளை இழந்தும் வாழக்கூடியது என்பதற்கும் இதே காசு சான்று. மாசிடோனியப் பொன் ஐரோப்பாவின் உட்பகுதிகளில் வாழ்ந்த கெல்ட் மக்களை எட்டியது. அவர்கள் கிரேக்கருக்காகக் கூலிப்படையில் போரிட்டு அதை ஊதியமாகப் பெற்றது முதன்மையான வழியாக இருக்கலாம். அவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் காசுகளை அடிக்கத் தொடங்கினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்ததில் அப்பல்லோவின் முகம் கரைந்து வாகையின் இலைகளும் முடிச்சுருளும் தனி வடிவங்களாகப் பிரிந்தன; தேர் சிதறிச் சக்கரம் ஓரிடத்திலும் குதிரை ஓரிடத்திலும் நின்றது. இன்றைய பிரான்சிலும் பிரிட்டனிலும் கிடைத்த கெல்ட் பொற்காசுகள் பலவற்றின் மூதாதை ஃபிலிப்பின் ஸ்டேட்டரே. இதைச் சீரழிவு என்று எழுதிய பழைய நாணயவியலாளர்களின் தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. அந்தக் கைவினைஞர்கள் தங்கள் சமயத்துக்கும் அழகுணர்வுக்கும் உகந்த குதிரையை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தங்கள் விருப்பப்படி மாற்றினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

அலெக்சாந்தர் தந்தையின் எடைத்தரத்தை வைத்துக்கொண்டு சின்னங்களை முற்றிலும் மாற்றினான். அவனுடைய ஸ்டேட்டரில் கொரிந்திய வகைத் தலைக்கவசம் அணிந்த அதீனா; மறுபக்கம் சிறகு விரித்து நிற்கும் நைக்கி, ஒரு கையில் மாலையும் மறுகையில் ஸ்டைலிஸ் எனப்படும் கப்பற்கொடிக் கம்பும் ஏந்தியிருக்கிறாள். அதீனாவைக் கண்டவுடன் ஏதென்சை நினைப்பது இயல்பு. ஆனால் கவசம் கொரிந்துக்குரியது. கிரேக்க அரசுகளை ஃபிலிப் ஒன்றுசேர்த்த கூட்டணி கூடியது கொரிந்தில்தான். பாரசீகத்தின் மீதான படையெடுப்பு அந்தக் கூட்டணியின் பெயரால்தான் நடந்தது. கவசத்தில் பெரும்பாலும் பாம்பும், சிலவற்றில் கிரிஃபினும் ஸ்ஃபிங்க்சும் காணப்படுகின்றன. கப்பற்கொடியின் பொருள்தான் சிக்கலானது: கி.மு. 480இல் பாரசீகக் கடற்படையைக் கிரேக்கர் முறியடித்த சலாமிஸ் போரை அது நினைவூட்டுகிறது என்பது ஒரு கருத்து, கி.மு. 332இல் டைர் துறைமுக முற்றுகையில் பெற்ற வெற்றியைக் குறிக்கிறது என்பது வேறொரு கருத்து. காசு முதலில் எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே இவ்விரண்டில் ஒன்று சரியாகும். ஒரு சின்னத்தின் பொருள் காலக்கணிப்பை எவ்வளவு நெருக்கமாகச் சார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சூசா நகரில் நாற்பதாயிரம் டேலண்டுக்கு மேலும், பெர்செபொலிசில் ஒரு லட்சத்து இருபதாயிரம் டேலண்டும் அலெக்சாந்தரின் கைக்கு வந்ததாகப் பண்டைய நூல்கள் கூறுகின்றன. பாரசீகக் கருவூலங்களில் தலைமுறைகளாகக் கிடந்த செல்வம் படைவீரர் ஊதியமாக உருமாறி மத்தியதரைக் கடல் முழுவதும் பரவியது. ஒரு பொன் ஸ்டேட்டர் இருபது வெள்ளி டிராக்மாவுக்குச் சமம் என்ற எளிய கணக்கு பல நாடுகளில் செல்லுபடியானது. அவன் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்த பிறகும் பல நகரங்கள் அவன் பெயரிலேயே காசடித்தன. 1991இல் மார்ட்டின் பிரைஸ் வெளியிட்ட பட்டியல், பல அக்கசாலைகளில் அடிக்கப்பட்ட இந்த நாணயங்களை ஆயிரக்கணக்கான வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நைக்கியின் காலடியிலோ சிறகின் பக்கத்திலோ உள்ள சிறு குறிகளும் கூட்டெழுத்துகளுமே அக்கசாலைகளை அடையாளம் காட்டுகின்றன. ஆய்வாளருக்குத் தேவியின் முகத்தைவிட இவை அதிகம் உதவுகின்றன.

அலெக்சாந்தரின் தளபதிகள் அரசர்களானபோது, மனித முகம் நாணயத்தின் மேல் ஏறியது. திரேஸ் நாட்டை ஆண்ட லைசிமாக்கஸ், எகிப்தியத் தெய்வமான அம்மோனின் ஆட்டுக்கொம்பு சூடிய அலெக்சாந்தரின் முகத்தைப் பொறித்தான். சீவா பாலைவனச் சோலையில் இருந்த அம்மோன் ஆலயத்தில் கி.மு. 331இல் அலெக்சாந்தர் பெற்ற தெய்வவாக்கை அது நினைவூட்டியது. எகிப்தை ஆண்ட முதலாம் டாலமி இன்னும் ஒரு படி மேலே போனான். முதலில் யானைத்தோலைத் தலைக்கவசமாக அணிந்த அலெக்சாந்தரைத் தன் வெள்ளிக்காசுகளில் வைத்தவன், பிறகு பொன் ஸ்டேட்டரில் தன் முகத்தையே முன்பக்கத்தில் பொறித்து, நான்கு யானைகள் இழுக்கும் தேரில் இடி ஏந்தி வரும் அலெக்சாந்தரைப் பின்பக்கத்துக்கு அனுப்பினான். உயிரோடிருக்கும் ஆட்சியாளன் தன் முகத்தைக் காசில் வைப்பது கிரேக்க மரபில் துணிவான செயல். யானை இந்தியப் படையெடுப்பின் சின்னம். ஆனால் அந்தப் படையெடுப்பின் புகழ் இப்போது நைல் நதிக்கரையில் இருந்த ஒருவனுடைய வாரிசுரிமைக்குச் சான்றாகப் பயன்பட்டது. அவன் மகள் அர்சினோவே கி.மு. 270 அளவில் இறந்து தெய்வமாக்கப்பட்டபின் வெளியான சுமார் 27.8 கிராம் பொற்காசில், முக்காட்டுக்குள் காதோரம் ஒரு சிறு ஆட்டுக்கொம்பு தெரிகிறது. பின்பக்கத்தில் பழங்கள் நிரம்பி வழியும் இரட்டைச் செழுமைக் கொம்பு. அரசி, தெய்வம், வளம் மூன்றும் ஒரே உருவில் கலந்துவிட்டன.

கிழக்கே பாக்ட்ரியாவில், அதாவது இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானை ஒட்டிய நாட்டில், சின்னத்தின் வழியே ஒரு கிளர்ச்சியையே பின்தொடர முடிகிறது. அலெக்சாந்தரின் மற்றொரு தளபதியின் வழிவந்த செலூசிட் பேரரசின் ஆளுநன் டியோடோட்டஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தன் மன்னன் ஆன்டியோக்கசின் பெயரில் காசடித்தபோதே, செலூசிட்களின் அப்பல்லோவை நீக்கிவிட்டு இடியெறியும் சீயசைப் பொறித்தான்; பின்னர் அதே சீயசின் பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டான். சின்னம் முன்னால் போக, பெயர் பிறகு வந்தது. அந்நாட்டின் பின்னாளைய மன்னன் யூக்ரடைடிஸ் வெளியிட்ட இருபது ஸ்டேட்டர் காசு 58 மில்லிமீட்டர் விட்டமும் 169.2 கிராம் எடையும் கொண்டது. பண்டைய உலகிலிருந்து எஞ்சியவற்றில் இதுவே மிகப் பெரிய பொற்காசு. புகாரா பகுதியில் கிடைத்த அதை 1867இல் மூன்றாம் நெப்போலியன் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் நாணயத் தொகுப்புக்காக வாங்கினார்.

இந்துகுஷ் மலைக்குத் தெற்கே ஆண்ட இந்தோ-கிரேக்கர்கள் பெரும்பாலும் வெள்ளியிலும் செம்பிலுமே நாணயம் வெளியிட்டார்கள். பொன்னும் கிரேக்க எழுத்தும் சேர்ந்த மரபு குஷாணர் காலத்தில்தான் அங்கே மலர்ந்தது. தமிழகத்தில் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த கிரேக்க நகரங்களின் நாணயங்களை இரா. கிருஷ்ணமூர்த்தி 2000இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். ஆனால் யவனர் கலங்கள் இங்கு கொண்டுவந்த பொன்னில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் உரோமானியப் பேரரசின் பொன்னே. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மீது பேரரசரின் தலையைக் குறுக்கே வெட்டிய உளித்தடம் இருக்கிறது. அந்த வெட்டுக்குக் காரணம் எதுவாயினும், காசின் முகத்துக்கு அதிகாரம் உண்டு என்று நம்பியவர்களோ, அது உலோகம் மட்டுமே என்று அறிவிக்க விரும்பியவர்களோதான் அதைச் செய்திருக்க முடியும்.

சேகரிப்பின் வரலாறும் இந்த நாணயங்களின் வரலாற்றைச் சேர்ந்ததே. பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் பண்டைய நாணயங்களைத் திரட்டியதும், மன்னர்களும் கர்தினால்களும் அவரைப் பின்பற்றியதும் பரவலாக அறியப்பட்டவை. அது உரோமானியப் பேரரசர்களின் முகவரிசையைத் தேடிய ஆர்வம். கிரேக்கக் காசுகளை முறையாக ஆராய்வதற்கு வியன்னாவின் ஜோசப் எக்கெல் வர வேண்டியிருந்தது. 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல், நாணயங்களை நாடு, நகரம் என்ற நிலவியல் வரிசையில் அடுக்கியது. பார்க்லே ஹெட் 1887இல் வெளியிட்ட பெருநூல் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்த் தொழிலதிபர் கலூஸ்த் குல்பெங்கியன் திரட்டிய தொகுப்பு லிஸ்பனில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனி மனிதர் ஒருவரின் தேர்ந்த கண் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

பொற்காசைச் சேர்ப்பதில் வெள்ளிக்கு இல்லாத ஓர் இடர் உண்டு: உருக்கினாலும் அதற்கு விலை இருக்கிறது. பாரிசின் நாணயத் தொகுப்பில் 1831 நவம்பரில் நடந்த திருட்டில் களவுபோன பொற்பொருள்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. லெபனானின் பண்டைய சைடன் நகரத் தோட்டங்களில் 1829க்கும் 1863க்கும் இடையே தொழிலாளர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட ஈயக் கலயங்களில் ஃபிலிப், அலெக்சாந்தர் காசுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. முழுமையாகப் பதிவு செய்யப்படும் முன்பே அவை கைமாறிச் சிதறிப்போயின. மாறாக, 1930இல் கொரிந்து அகழாய்வில் ஒரு பொன் அட்டிகையுடன் கிடைத்த 51 ஸ்டேட்டர்களும் அப்படியே ஒன்றாகக் காக்கப்பட்டு ஆராயப்பட்டதால், ஃபிலிப்பின் காசுகளும் மகனின் காசுகளும் ஒரே பையில் புழங்கியது ஐயமின்றித் தெரிந்தது. 51 காசுகள் தந்த உறுதியை ஆயிரக்கணக்கான காசுகளால் தர முடியாமல் போனதற்கு, அவை மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட விதமே காரணம்.

மண்ணின் செய்தி அழிந்துபோன காசிலிருந்தும் ஓரளவு மீட்க உதவுவது அச்சு ஆய்வு. பண்டைய அக்கசாலையில் முன்பக்க அச்சு பட்டறைக்கல்லில் பதிக்கப்பட்டிருக்கும். பின்பக்க அச்சு கையில் பிடிக்கும் உளியின் நுனியில் இருக்கும். இடையே சூடாக்கிய பொன்வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். நேரடியாக அடி வாங்கும் பின்பக்க அச்சு விரைவில் உடையும். புதிய அச்சு மாற்றப்படும். முன்பக்க அச்சோ தொடர்ந்து உழைக்கும். ஆகவே ஒரே முன்பக்க அச்சைப் பகிரும் காசுகளை வரிசைப்படுத்தி, அச்சில் விழுந்த விரிசல் வளர்வதைத் தொடர்ந்து பார்த்தால், எது முன், எது பின் என்று தீர்மானிக்கலாம். இந்த ஆய்வே போலிகளையும் காட்டிக்கொடுக்கிறது. பொன் கறுப்பதில்லை, அரிப்பதில்லை; எனவே பழமையை நிறத்தால் அறிய வழியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் தானே அச்சு வெட்டி அடித்த கிரேக்கக் காசுகளை, வண்டியின் அடியில் கட்டிய இரும்புத்தூள் பெட்டியில் குலுக்கிப் பழையவை போலத் தேய வைத்தார். பெயர்பெற்ற தொகுப்புகளும் ஏமாந்தன. ஏதென்சில் கிறிஸ்டோடூலஸ் செய்த போலிகளின் அச்சுகளை 1922இல் நாணயவியலாளர் ஸ்வொரோனஸ் நூலாக வெளியிட்டது, பின்வந்த சேகரிப்பாளர்கள் அனைவருக்கும் அவர் செய்த உதவி.

சந்தையின் வேகம் இன்று அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. முன்பு சொன்ன பான்டிகாபேயம் ஸ்டேட்டர்களில் ஒன்று, 2023 மே மாதம் சூரிச் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட ஏறத்தாழ 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அது ஒரு காலத்தில் ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் இருந்து, 1930களில் சோவியத் அரசால் விற்கப்பட்டது. அதன் கைமாறிய வரலாறு தெரிந்திருந்ததும் அந்த விலைக்கு ஒரு காரணம். அதற்கு நேரெதிரான நிகழ்ச்சியும் அதே ஆண்டில் நடந்தது. சீசரைக் கொன்றபின் புரூட்டஸ் தன் படையுடன் நடமாடிய அக்கசாலையில் அடித்த உரோமானியப் பொற்காசு ஒன்று, 2020இல் லண்டனில் சுமார் 42 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டிருந்தது. அதன் உடைமை வரலாறு பொய்யாகப் புனையப்பட்டது என்று தெரியவந்ததால் 2023இல் அது கிரேக்க அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கிரேக்கமும் துருக்கியும் மண்ணில் கிடைக்கும் பழங்காசை நாட்டின் உடைமையாகவே கருதுகின்றன. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

சேகரிப்பே தவறு என்ற முடிவுக்கு வருவது நியாயமன்று. எக்கெல் முதல் குல்பெங்கியன் வரை, இத்துறையின் அறிவில் பெரும்பங்கு சேகரித்தவர்களால் வளர்ந்ததே. ஆனால் பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு சந்தைக்கு முதன்முதலாக வந்த, எங்கே கிடைத்தது என்று விற்பவரே சொல்ல மறுக்கும் பொற்காசை வாங்குபவர், அதனுடன் மண்ணில் கிடந்த மற்றக் காசுகளும் பாத்திரமும் சுவரும் சாம்பலும் அழிக்கப்பட்டதற்கான விலையைத்தான் செலுத்துகிறார். அலெக்சாந்தரின் நைக்கி எந்த வெற்றியைக் குறிக்கிறாள் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்கும் கலயம், அடுத்த முறை உலோகங்காட்டிக் கருவியுடன் இரவில் தோண்டுபவரின் கையில் சிக்காதிருக்க வேண்டுமானால், வாங்குபவர்கள் காசின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் ஊரைக் கேட்க வேண்டும். பொருள்வசதி இல்லாத ஆர்வலருக்கும் வழி அடைபடவில்லை: அமெரிக்க நாணயவியல் கழகம் அலெக்சாந்தரின் நாணயங்களுக்காக உருவாக்கிய ‘பெல்லா’ என்ற இணையப் பட்டியலில், பல அருங்காட்சியகங்களின் காசுகளை இரு பக்கமும் பெரிதாக்கிப் பார்த்து ஒப்பிட இப்போது யாருக்கும் கட்டணமின்றி இடமுண்டு.